ரேடியோப்பூவுக்குத் துணை

ஆடியில் கல்யாணம் கிடையாது.
மல்லி கிலோ இருநூறுக்கு இறங்கி
மாட்டுத்தாவணியில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம்.
அதனால்தான் நேரம் வாய்த்தது எனக்கு,
நகவெட்டியால் ஒரு விதையின் முதுகைக் கீற.

ஆரஞ்சுச் சுளையின் வடிவம், கரியின் நிறம்.
கீறாவிட்டால் தண்ணீர் குடிக்காதாம்.
டம்ளரில் ஓர் இரவு கிடந்து
வீங்கியவற்றை மட்டும் எடுத்து
ஒத்தக்கடை வீட்டின் கிழக்குச் சுவரோரம்
விரற்கடை ஆழத்தில் வைத்தேன்.
எரு போடாதீங்க, என்றான் விதை விற்ற பையன்,
தின்னுட்டு இலையாவே விடும்.

பாக்கெட்டில் இருந்த பெயர்
ஜெசிந்தாவின் வாயில் நிற்கவில்லை.
மாதா கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற
புனல் ரேடியோ மாதிரியே இருக்கு என்று
படத்தைப் பார்த்துச் சொன்னாள்.
அன்றிலிருந்து ரேடியோப்பூ.

ஏறுவதற்குக் கயிறு போதும்.
கூட எதை நடுவது என்பதுதான் யோசனை.
செண்டு வேண்டாம்.
ஆயுத பூஜை வாரத்தில்
மூட்டை மூட்டையாக எடை எழுதியவன் நான்,
என் மூக்குக்கு அது பூ இல்லை, சரக்கு.
கோழிக்கொண்டையும் சரக்கு. அரளி, சம்பங்கி, பிச்சி எல்லாம்.
இந்த ஊரில் விலை இல்லாத பூவைத் தேடுவது
சித்திரை முடிந்த வைகையில்
தண்ணீரைத் தேடுவது.
(அங்கே மண்டிக் கிடக்கும் காட்டாமணக்கு
இதற்குச் சித்தப்பன் முறை.
பூவின் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.)

மாடியிலிருந்து குருவம்மாள் எட்டிப் பார்த்தார்.
"தொடுக்க வருமா?"
வராதுக்கா.
"சாமிக்கு?"
பத்து மணிக்கெல்லாம் சுருண்டுவிடும்.
"பெறகு எதுக்குப்பா?"
யானைமலையைக்கூட ஒரு தடவை
இப்படிக் கேட்டுப் பார்த்தார்கள்.

மயில்மாணிக்கம் வைத்துப் பார்த்தோம்.
அதுவும் இதே குடும்பம்.
மூன்றே வாரத்தில் ஒன்றின் கழுத்தில் ஒன்று.
பிரிக்கப் போய் இரண்டும் அறுந்தன.
சொந்தக்காரர்களைப் பக்கத்தில் குடிவைத்தால்
இப்படித்தான் என்றாள் ஜெசிந்தா.
வெந்தயக்கீரைத் தொட்டியை அவளே தள்ளி வைத்தாள்:
ரேடியோவின் விதை வயிற்றைக் கெடுக்கும்,
மாடிவீட்டுப் பேரன் எதையும் மெல்லுவான்.

தப்பிய கொடி ஒன்று
புரட்டாசியில் நீலம் விட்டது.
நான் பார்க்கவில்லை.
இரண்டரைக்குக் கிளம்புகிறவன் நான்,
ஐந்தரைக்கு விரிகிறது பூ.
கணக்கை முடித்து வண்டியை நிறுத்தும்போது
நனைத்துப் பிழிந்த பஸ் டிக்கெட் போல
தொங்கிக்கொண்டிருக்கும்.
ஜெசிந்தா எட்டரைக்கே
விளக்குத்தூண் ஜவுளிக்கடைக்குப் போயிருப்பாள்.

அதனால் ஆறு மணிக்குப் போன் பண்ணுவாள்.
"இன்னைக்குப் பதினொண்ணு."
ஏலச் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு
சிட்டையின் ஓரத்தில் எழுதுவேன், 11.
எடை இல்லை. விலைக்கு ஒரு கோடு.
முதலாளி ஒருநாள் விரலை வைத்தார்:
"இது யார் சரக்கு?"
"விற்கிறதில்லைண்ணே."
கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

ஐப்பசியில் ஒருநாள்
பகல் தூக்கம் கலைந்து வெளியே வந்தால்
கயிற்றின் காலடியில்
நான் நடாத செடி.
முழங்கால் உயரம், கூரான இலை.
மழை முளைப்பித்தது என்று
களைச்செடிக் கணக்கில் விட்டிருந்தேன்.
நாலேகாலுக்கு அது
என் கண்ணெதிரே
ஒவ்வொன்றாகத் திறந்தது.
அந்திமந்தாரை. அடர்ந்த ரோஸ்.
மிளகு போல விதை இருக்குமே, அது.
ஊரே மல்லிக்கு வாடையாக இருக்கும்போது
இதற்கும் ஒரு மணம் இருந்தது,
இதுவரை எந்தத் தராசிலும்
நான் முகராத மணம்.

போன் பண்ணினேன்.
"ஏழு."
சேலை உதறும் சத்தம்.
யாரிடமோ, "கரை சாயம் போகாதுக்கா."
பிறகு தணிந்த குரலில்,
"எட்டு இருக்கும். சுவத்துப் பக்கம் குனிஞ்சு பாரு."
வைத்துவிட்டாள்.

குனிந்தேன்.